வெறும் சோற்று உருண்டை

ராயபுரத்தில் பேர்போன மீன் சாப்பாட்டுக் கடைக்கு நானும் என் மனைவி ரூத்தும் அன்றுதான் முதன்முறையாகப் போனோம். இலை போட்டதும், பரிமாறுகிறவர் குழம்புக்கு முன்னால் வெறும் சோற்றை உருண்டை பிடித்து என் இலையில் வைத்தார்.

"மெல்லாம அப்டியே முழுங்கு நைனா. முள்ளு எறங்கிடும்."

"இன்னும் மீனே வரலியேங்க," என்றாள் ரூத்.

அவர் என்னையே பார்த்தார். "நேத்து இதே எடத்துல முள்ளு மாட்டி, தொண்டைய புட்ச்சிகினு சாஞ்சியே. ஆட்டோல ஏத்தி வுட்டது நான்தான். இன்னா ஆச்சோன்னு ராவெல்லாம் தூக்கமே இல்ல."

நேற்று முழுக்க நான் மீஞ்சூரில் வேலையில் இருந்தேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். தொண்டையில் சுருக்கென்று குத்தியது.

அவர் உருண்டையை என் பக்கம் தள்ளிவிட்டு, வாசலில் நின்ற ஆட்டோவைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.