இடுப்பளவு

பேண்ட் கச்சிதமாகப் பொருந்தியது. அதுதான் அவருக்கு உறுத்தியது.

எட்டு மாதத்தில் கன்னம் ஒட்டிவிட்டது. கைக்கடிகாரம் முழங்கை வரை ஏறுகிறது. இடுப்பு மட்டும் எப்படி அப்படியே இருக்கும்?

கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

வெளியே மனைவி கிளம்பிக்கொண்டிருந்தாள். மகள் வீட்டில் மதியம் விருந்து. நல்ல செய்திக்காகவாம். அதையும் அவர் நம்பவில்லை.

ஆறு வருடம் அந்தப் புற்றுநோய் அவர் கழுத்து நெறிக்கட்டிக்குள் பரம சாதுவாகக் கிடந்தது. வீட்டில் அதற்குக் குடித்தனக்காரன் என்று பெயர். சத்தமும் போடமாட்டான், காலியும் பண்ணமாட்டான்.

இந்த வருடத் தொடக்கத்தில் பதினைந்தே நாளில் கட்டி இரண்டு மடங்கானது. சாது குணம் மாறிவிட்டது, இனி இது வேகமான வகை என்றார் டாக்டர். சிலருக்கு மருந்து கேட்கும், சிலருக்குக் கேட்காது. ஆறு தடவை ஏற்றிய பிறகு ஸ்கேனில் தெரியும்.

முந்தாநாள், வெள்ளிக்கிழமை, ஸ்கேன் முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார். "நல்லாவே கேட்டிருக்கு. கட்டி எதுவும் தெரியல."

சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

போதாதா?

இந்தப் பொய்யை எப்படிச் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். அண்ணன் கடைசியாகப் படுத்திருந்தபோது, "வெறும் அல்சர்தாண்ணே" என்று சிரித்துக்கொண்டே சொன்னவர் அவர்தான்.

பேண்ட்டைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் உட்புறம் திருப்பினார். முப்பது வருடக் கட்டிங் மாஸ்டர். மருந்தால் விரல் நுனிகள் மரத்துவிட்டன, தடவினால் எதுவும் பிடிபடாது. கண் இருந்தது.

பின்பக்க நடுத்தையலில் நூல் புதிது. அதற்கு அப்பால், துணியின் ஓரத்தை ஒட்டி, முதலில் தைத்த தையலின் ஊசித்துளைகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன.

நெருக்கமான பொடித் தையல். அவர் வெட்ட அவள் தைத்த நாளிலிருந்தே தெரிந்த கை.

ஆக, அவர் இளைக்க இளைக்க அவள் சத்தமில்லாமல் பிடித்துத் தைத்திருக்கிறாள். துணியிலேயே பொய் சொன்னவளுக்கு வாயால் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

கட்டிலில் உட்கார்ந்தார்.

திரும்ப மாட்டிக்கொள்ளலாம் என்று பேண்ட்டை வெளிப்புறம் திருப்பினார்.

அங்கேயும் துளைகள். புதுத் தையலுக்கு இரண்டு பக்கமும், பக்கத்துக்கு ஒரு வரிசை. ஒரு சமயம் தையல் அதுவரைக்கும் உள்ளே போயிருக்கிறது. இப்போது அங்கே நூல் இல்லை.

பிடித்ததைப் பிரித்து, ஒரு விரல் அளவு தளர்த்தி விட்டிருக்கிறாள்.

மருந்து வீக்கம் என்று மனது உடனே கொக்கி போட்டது. ஆனால் கடைசி மருந்து ஏற்றி ஏழு வாரம் ஆகிறது. வீக்கமெல்லாம் எப்போதோ வடிந்துவிட்டது.

அப்படியானால் நாடகம். டாக்டர் சொன்ன பொய்க்கு ஒத்துப்போக நேற்று உட்கார்ந்து பிரித்திருப்பாள். ஒரு விரல் அளவில் என்ன தெரிந்துவிடப் போகிறது?

கதவு தட்டப்பட்டது.

"உள்ள என்ன அலங்காரம் நடக்குது? பொண்ணா பார்க்கப் போறோம்?"

அவர் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு தூண்டிலைப் போட்டார்.

"பேண்ட் இடுப்புல பிடிக்குதுடி."

"அதுக்குள்ளயா? புதன்கிழமைதான விட்டேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். வளையல் சத்தம் அவசரமாகச் சமையலறைப் பக்கம் போனது.

அவர் பேண்ட்டை மடியில் வைத்துக்கொண்டு விரல்விட்டுக் கிழமைகளை எண்ணினார்.

ஸ்கேன் எடுத்ததே வியாழக்கிழமை.