மேல்வீட்டுப் புகார்

"ஓய் கௌதமன்! இது வீடாவே, சுடுகாடாவே?"

மாடி வீட்டு ஜோதிலிங்கம் அண்ணாச்சி பின்வாசலில் வந்து நின்றார். நெற்றி நிறையத் திருநீறு. மூக்கைப் பொத்தி ஒரு துண்டு.

கௌதமன் புகைக்கு நடுவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். டெல்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸின் பின்பக்கம், பழைய சாமான் விற்கும் கபாடிக்காரனிடம் வாங்கிய பழைய டிரம்முக்குள் கரியும் மாங்கட்டையும் புகைந்துகொண்டிருந்தன. மேலே கம்பி வலையில் பன்றி விலா எலும்பு, முழுப் பாளமாக.

மகள் சிந்து காதலிக்கிற கெவி, கோஹிமாக்காரப் பையன். அவன் அப்பா அம்மா இன்றைக்கு மதியம் முதல் தடவையாகச் சாப்பிட வருகிறார்கள். போன மாதம் கெவி மட்டும் வந்தபோதும் கௌதமன் இதைத்தான் செய்து போட்டார். செருப்புத் தோலாட்டம் வந்தது. பையன் மரியாதைக்கு மென்றான், மென்றான், மென்றுகொண்டே மெட்ரோ ஏறினான்.

"அப்பா, அவங்க அப்பா அதிகம் பேச மாட்டார். சாப்பாட்டை வெச்சுதான் ஆளை எடை போடுவார். ப்ளீஸ், சொதப்பிடாதீங்க" என்று சிந்து காலையிலேயே கண்ணைக் கசக்கிவிட்டாள்.

இந்த லட்சணத்தில் அண்ணாச்சி வேறு.

"தீ கொழுந்துவிட்டு எரியுது. கொடியில எங்க துணி காயுதுல்லா? பாதிக் கரியை வெளிய எடும். தணல் இருந்தாப் போதும்."

"அச்சா, அண்ணாச்சி."

போனவர் கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தார்.

"மூடியை எதுக்குவே பொழுதன்னைக்கும் தொறக்கீரு? உள்ள என்ன பச்சைப் புள்ளையா தூங்குது? தொறக்கப்ப எல்லாம் புகை எங்க வீட்டுக்குள்ள வருது. மூடினது மூடினபடி கெடக்கட்டும்!"

கௌதமன் பல்லைக் கடித்துக்கொண்டு மூடினார். அண்ணாச்சி படியேறியதும் மனைவியிடம் பொருமினார்.

"பாத்தியா பூங்கோதை? தீபாவளிக்கு டெல்லியே புகையில கெடந்துச்சு. அப்ப வாயைத் தொறந்தாரா? நம்ம பன்னி புகைஞ்சாதான் இவருக்கு மூச்சு முட்டுது!"

"மெதுவாப் பேசுங்க" என்றாள் பூங்கோதை. "அவர் வீட்டு ஜெயலட்சுமி அக்கா மாடி ஜன்னல்ல நிக்கிறாங்க."

"நிக்கட்டும். புருஷன் போலீஸ், பொண்டாட்டி வாட்ச்மேன்."

மூன்றாவது தடவை அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டே வந்தார்.

"சிவ சிவா! பாக்க முடியலவே. சப்பாத்தி சுத்துற ஃபாயில் இருக்கும்லா? அதுல இறுக்கிச் சுத்திப் போடும். சொட்டுச் சாறு வெளிய வரப்படாது. எறும்பு மாடி ஏறிரும்."

சுற்றிப் போட்டார் கௌதமன். வேறு என்ன செய்ய? அண்ணாச்சிதான் குவார்ட்டர்ஸ் அசோசியேஷன் செயலாளர்; அவரைப் பகைத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க முடியாது.

"ஏங்க, இவர் திட்டுறது எல்லாம் சமையல் குறிப்பு மாதிரியே இல்ல?" என்றாள் பூங்கோதை.

"அட, நீ வேற! கத்திரிக்காயில புழுவைப் பாத்தாலே தலைமுழுகுற ஆளு அவரு."

விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். கெவியின் அப்பா ஒரு வணக்கம் சொன்னார், உட்கார்ந்தார். அதோடு சரி. கௌதமன் பொட்டலத்தைப் பிரித்துப் பலகையில் வைத்தார். ஆவி பறந்தது.

"ஜல்தி, அப்பா!" என்று சிந்து அவசரப்படுத்தினாள்.

கத்தியை எடுத்தார். மாடிப்படி தடதடத்தது.

"கத்தியைக் கீழ போடும்வே! எமகண்டம்! ஒண்ணரை தாண்டட்டும், பெறகு வெட்டும்!"

வந்தவர்கள் திருதிருவென்று முழித்தார்கள். எங்கள் ஊர் வழக்கம் என்று சிந்து இங்கிலீஷில் ஏதோ சமாளித்தாள். கௌதமனுக்கு அண்ணாச்சியையே டிரம்முக்குள் போட்டு மூடினால் என்ன என்று இருந்தது.

எமகண்டம் முடிந்தது. வெட்டினார். கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது. கெவியின் அப்பா ஒரு துண்டை எடுத்தார். எலும்பு தனியாகக் கையோடு வந்தது. சாப்பிட்டார். இன்னொன்று எடுத்தார். அப்புறம் இன்னொன்று. கையைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"ஷாதி கப் கரேங்கே?"

கல்யாணம் எப்போது என்கிறார்! சிந்து ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

எல்லாரும் கிளம்பிப் போன பிறகு பின்வாசலில் நிழல் ஆடியது. அண்ணாச்சி. துண்டுக்கடியில் ஒரு டிபன் டப்பா.

கௌதமன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அதான பாத்தேன்! திருநீறு நெத்தியில, நாக்கு டிரம்முல! வாங்க அண்ணாச்சி, வெளிய மூச்சு விட மாட்டேன்."

"எனக்கில்லவே." அண்ணாச்சியின் குரல் இறங்கியிருந்தது. "ஜெயலட்சுமிக்கு. அவ அப்பா பட்டாளம். பொறந்து வளந்ததெல்லாம் ஷில்லாங். அங்க வீட்டுக்கு வீடு இந்தக் கறிதான். என்னைக் கட்டின பெறகு அதைக் கையால தொடல. இன்னைக்குக் காலையில உம்ம புகை வந்ததுல இருந்து ஜன்னலை விட்டு நகரல. 'தீ ஜாஸ்தி, மூடியைத் தொறக்கானே, சுத்தி வைக்கணுமே, ஆறவிடாம வெட்டிச் சாறை விட்ருவானே'ன்னு தனக்குத்தானே புலம்புதா. பேப்பர் படிக்க மாதிரி கேட்டுக்கிட்டு, கீழ வந்து கத்திட்டுப் போனேன்."

கௌதமனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பூங்கோதை டப்பாவை வாங்கி நிரப்பினாள்.

"சாப்பிடாதன்னு நான் ஒருநாளும் சொன்னதில்லவே. சாப்பிடுன்னும் சொன்னதில்ல. அதைப் பெருந்தன்மைன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

"நீங்க இதைத் தொட வேண்டாம் அண்ணாச்சி. நானே மேல கொண்டுபோய்க் குடுக்கறேன்" என்றாள் பூங்கோதை.

"இல்லம்மா." டப்பாவை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "என் கையாலதான் குடுக்கணும். டப்பாவையும் நானே கழுவுதேன்."