ஏகமனதாக

"ஒரு நாட்டுக்கு ஏழு கட்சியா? உருப்பட்ட மாதிரிதான்!"

கோபாலசாமி இதைத் தமிழில் சொன்னதால் சாமுவேலுக்குப் புரியவில்லை. அவர் பாட்டுக்கு ஓட்டுப்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாமுவேல் ஆப்பிரிக்கர். முப்பத்தொரு வருடம் ஒரே ஆள் ஆண்ட அவர் நாட்டில், இப்போதுதான் முதல்முறையாகப் பல கட்சிகள் மோதும் பொதுத்தேர்தல். ஹூஸ்டனில் இருக்கும் அந்த நாட்டுக்காரர்கள் ஓட்டுப்போட ஓர் இடம் தேவைப்பட்டது. அதே ஊரில் ஹில்க்ராஃப்ட் தெருவில் இருக்கும் முத்தமிழ் மன்றத்துக்கு மெயில் அனுப்பினார்கள். கீழே சாமுவேல் என்ற பெயரைப் பார்த்த மன்றத் தலைவர் கோபாலசாமி, யாரோ நாகர்கோவில்காரர் என்று நினைத்து ஹாலைத் தருவதாகச் சொல்லிவிட்டார். ஆளைப் பார்த்த பிறகு எப்படி இல்லை என்பது?

வாசலைத் தாண்டித் தெருவரைக்கும் வரிசை நின்றது. டாலஸிலிருந்து டிரைவ் பண்ணி வந்தவர்கள்கூட இருந்தார்கள். எல்லோரும் கல்யாணத்துக்கு வந்த மாதிரி உடுத்தியிருந்தார்கள். ஓட்டுப்போட்டுவிட்டு வெளியே வந்த ஒரு பெண்மணி அழுதுகொண்டே சிரித்தார்.

"இதுக்குப் போய் அழறாங்களே!" என்றார் கோபாலசாமி, மனைவி கலாவதியிடம்.

கலாவதி அந்தப் பெண்மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரிசல்ட் வந்ததும் சாமுவேல் நன்றி சொல்ல மன்றத்துக்கு வந்தார்.

"உங்க ஆள் ஜெயிச்சாரா?"

"இல்லை, தோற்றுவிட்டார்!" சாமுவேல் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "இதுவரைக்கும் எங்கள் நாட்டில் யாராலும் தோற்கக்கூட முடிந்ததில்லை. எதிர்த்து நிற்கவிட்டால்தானே தோற்பதற்கு?"

தோற்றதைக் கொண்டாடுகிற மனிதரைக் கோபாலசாமி இன்றுதான் பார்க்கிறார்.

"எங்க மன்றத்துல இந்தத் தொல்லையே கிடையாது. பன்னிரண்டு வருஷமா நான்தான் தலைவர். ஏகமனதா!"

அது உண்மைதான். வருடா வருடம் பொதுக்குழுவில், பிரியாணி டிரேயின் மூடியைத் திறக்கிற நேரம் பார்த்து, "நானே தொடர்வதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்பார். ஆட்சேபம் இருந்தவர்களுக்கும் பசி இருந்தது.

சாமுவேல் மரியாதையாகத் தலையாட்டினார். "எங்கள் பழைய தலைவரும் ஏகமனதாகத்தான் வருவார்."

கோபாலசாமிக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை.

"என்னையும் அந்த ஆளையும் ஒண்ணாச் சேர்த்துப் பேசிட்டான் கலா! ஒரே ஒரு தடவை எலெக்‌ஷன் வெச்சுக் காட்டறேன். நம்ம ஜனம் எம் மேல எவ்வளவு உசுரா இருக்குதுன்னு அவனும் பாக்கட்டும்."

"வெய்யுங்க," என்றாள் கலாவதி, வெண்டைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தேர்தல் என்றால் எதிர்த்து நிற்க ஆள் வேண்டுமே?

"நான் கன்டெஸ்ட் பண்றேன் அங்கிள்," என்றாள் தாமரைச்செல்வி. ஐ.டி.யில் வேலை. மன்றத்துக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

"தாராளமா நில்லும்மா. தோத்துட்டா மட்டும் மனசு விட்டுடக் கூடாது," என்றார் கோபாலசாமி. பாவமாகத்தான் இருந்தது அவருக்கு.

பொதுக்குழு நாள் வந்தது. தேர்தல் அதிகாரி வேறு யார், சாமுவேல்தான். அதே பெட்டி. சீட்டில் இரண்டே பெயர்கள், பக்கத்தில் இரண்டு கட்டங்கள்.

சாமுவேல் மைக்கைப் பிடித்தார். "புட் எ கிராஸ் அகெய்ன்ஸ்ட் தி நேம். ஒன்லி ஒன்."

மன்றத்து மேடையில் ஆங்கிலம் கூடாது என்பது கோபாலசாமி போட்ட சட்டம். மைக்கை வாங்கி அவரே மொழிபெயர்த்தார்.

"யாராவது ஒருவர் பெயருக்கு எதிராக மட்டும் இன்ட்டு போடுங்கள்!"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. முன்வரிசையிலிருந்து பத்மநாபன் எழுந்தார்.

"தலைவரே, எதிராகவா?"

"எதிராகத்தான்! இதுல என்ன சந்தேகம்?"

பத்மநாபன் திருப்தியாக உட்கார்ந்தார்.

ஓட்டுப்போட்டு முடிந்ததும் சாமுவேல் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துச் சத்தமாக வாசித்தார். கோபாலசாமி. கோபாலசாமி. மறுபடியும் கோபாலசாமி. நடுவில் எப்போதோ ஒரு தாமரைச்செல்வி. கோபாலசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. பாசம் இருக்கும் என்று தெரியும், இவ்வளவு இருக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

"மிஸ்டர் கோபாலசாமி, அறுபத்தொன்று. மிஸஸ் தாமரைச்செல்வி, நான்கு."

ஹாலே அதிர்கிற மாதிரி கைதட்டல். பன்னிரண்டு வருடத்தில் இப்படியொரு கைதட்டலை அவர் கேட்டதில்லை. சாமுவேல் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். கோபாலசாமி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

அதற்குள் கூட்டம் மொத்தமும் தாமரைச்செல்வியைச் சுற்றிக்கொண்டது. யாரோ பொன்னாடை போர்த்தினார்கள். பத்மநாபன் அவளோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

தோற்ற பெண்ணுக்கு இவ்வளவு ஆறுதலா! தான் வளர்த்த மன்றத்தை நினைத்துக் கோபாலசாமிக்கே பெருமையாக இருந்தது. மைக்கைப் பிடித்தார்.

"உங்க அன்புக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போறேன்? என் நன்றி..."

கலாவதி வேகமாக மேடையேறி வந்து, மைக்கைக் கையால் பொத்தினாள்.

"ஏனுங்க, எதுக்கு நன்றி சொல்லிட்டிருக்கறீங்க? பேருக்கு எதிரா இன்ட்டு போடச் சொன்னது நீங்கதானுங்களே? வேண்டாங்கற ஆளுக்குத்தானுங்க எல்லாரும் போட்டிருக்கறோம்."