தீ அணைந்த பிறகு

நாற்றம் வருகிறதா? வருகிறது. அப்படியானால் பயமில்லை.

அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் ஏறிக்கொண்டிருக்கும்வரை பல்ஜானுக்கு ஒரு நிம்மதி. திடீரென்று அது நின்றுபோனால்தான் பயம். அந்த வாயு அளவு மீறினால் முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்யும், பிறகு ஆளைச் சாய்க்கும். ஊரின் ஒரே நர்ஸான அவளுக்கு அது தெரியும். வசந்தம் வந்ததிலிருந்து அவள் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், தூக்கத்தில்கூட.

எதிரே மெய்ரம் உட்கார்ந்து பால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். எண்ணெய்க் கம்பெனியின் சட்டை. வாசலில் கம்பெனியின் கார். எதற்கு வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். கேட்காமலே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. அவன் கேட்டு அவள் இல்லையென்று சொன்னதில்லை.

"ஜன்னலையெல்லாம் ஏன் ஈரத்துணியால அடைச்சிருக்கீங்க, அண்ணி?"

"தூசி."

"தூசியா?" சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

எண்ணெயோடு வரும் அந்த நாற்ற வாயுவைக் கம்பெனி வருஷக்கணக்காக உயரமான குழாயின் நுனியில் எரித்துக்கொண்டிருந்தது. பூமி சூடாக அதுவும் காரணம் என்று உலகம் ஏசியது. இந்த வசந்தத்துக்குள் அணைத்துவிடுகிறோம் என்று கம்பெனி வாக்குக் கொடுத்தது. பொறுப்பு மெய்ரமிடம் வந்தது. வசந்தப் புத்தாண்டான நவ்ரிஸ் பண்டிகைக்கு முன்தினம் தீ அணைந்தபோது ஊரே கைதட்டியது. பல்ஜானும் தட்டினாள்.

ஆனால் எரிப்பதற்குப் பதிலாக வாயுவைத் திரும்ப நிலத்துக்குள் தள்ளவேண்டிய இயந்திரம் அடிக்கடி நின்றது. நிற்கும்போதெல்லாம் எரிக்காமல் அப்படியே திறந்துவிட்டார்கள். தீ என்றால் தொலைவிலிருந்தே தெரியும். காற்று யார் கண்ணுக்குத் தெரியும்? போன வாரம் ஆடு மேய்க்கும் துலேகென் வாயு தேங்கிய பள்ளத்தில் மயங்கி விழுந்து கிடந்தான். அவனோடு இறங்கிய ஆடுகள் எழுந்திருக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக மயங்கினார்கள்.

கம்பெனியில் பணம் போட்ட வெளிநாட்டுக்காரர்கள் நாளைக்கு வருகிறார்களாம். கட்டாயம் நர்ஸிடம் பேசுவார்களாம். தீ அணைந்த பிறகு காற்று சுத்தமாகிவிட்டது, ஊரில் யாருக்கும் நோய் இல்லை என்று அவள் சொன்னால் போதுமாம். மெய்ரம் சுற்றி வளைத்து இதைச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது.

"இயந்திரத்துக்குச் சாமான் வரணும். குளிர்காலத்துக்குள்ள சரியாயிடும்."

"அதுவரைக்கும் ஊரே மூச்சு விடாம இருக்கணுமா?"

"உங்க நக்கலுக்கு மட்டும் குறைச்சலே இல்லை, அண்ணி."

"அப்ப திரும்பக் கொளுத்திடு. எரிஞ்சா உயிராவது மிஞ்சும்."

"எரிஞ்சா வாக்கு போச்சு." கிண்ணத்தைக் கீழே வைத்தான். "மேல இருக்கிறவன் எவனும் மாட்டமாட்டான். திறந்துவிடச் சொன்ன உத்தரவு என் பேர்ல இருக்கு. துலேகென் விஷயம் வெளிய வந்தா வேலை போறதோட முடியாது. ஜெயில்."

ஊரை நினைத்து இத்தனை நாள் நடுங்கிய உடம்பு, இப்போது இவனை நினைத்தும் நடுங்கியது. இரண்டு பயத்தையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது?

"அம்மா இருந்திருந்தா எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்க" என்றான்.

சொல்லியிருப்பாள்தான். மாமியார் அவனைத் தரையில் விடாமல் வளர்த்தவள். ராத்திரி அவன் அழும்போது பல்ஜான் எழுந்து ஓடினால், அதற்கு முன்பே மாமியாரின் கை அவனைத் தூக்கியிருக்கும். "நீ போய்த் தூங்கு" என்பாள்.

அவன் எழுந்தான். வாசலில் குனிந்து காலணியை மாட்டினான். கதவைத் திறந்து பிடித்திருந்த பல்ஜான் தன்னையறியாமல் மூச்சை இழுத்தாள். நாற்றம் இன்னும் இருந்தது. தெருவில் யாரோ குழந்தையை உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் நிமிரவில்லை. குனிந்தபடியே, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல் சொன்னான்:

"எனக்காகச் சொல்லிடேன், அம்மா."

தலைப்பிள்ளையை மாமியார் மடியில் போட்டுவிட்டு, பெற்றவள் அவனுக்கு அண்ணியாகிவிடுவது அந்த ஊர் வழக்கம். அந்த ஒரு சொல்லுக்காக அவன் பேசத் தொடங்கிய நாளிலிருந்து காத்திருந்தவள், மகனின் தலையில் கையை வைத்து மெதுவாகச் சொன்னாள்: "மாட்டேன்ப்பா."