ஜோடிக்கூலி

"உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா, அண்ணாச்சி? பொம்பளை சுமந்தா செங்கல்லு எடை குறைஞ்சா போகுது?"

மாடம்மாள் போட்ட சத்தத்தில், திருவனந்தபுரம் பழவங்காடிக்குப் பின்னால் வீடு எழும்பிக்கொண்டிருந்த அந்த சைட்டே வாயடைத்துப் போனது. மேஸ்திரி தாணுமாலையனிடம் இப்படிப் பேச ஆம்பிளைகளுக்கே தைரியம் கிடையாது. அவளோ அங்கே இருக்கிற ஒரே சித்தாள்.

சும்மா வந்த ஆவேசமா அது? விடியுமுன்னே கோட்டைக்குள் ரெண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, எட்டு மணிக்கு வந்து கல் சுமக்கிறவள். முதுகு விட்டுப்போயிற்று. ஏதாவது ஒரு வேலையை விட்டே ஆகணும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். விட்டால் அடுப்பு எரியுமா?

"எழுபத்தாறுலயே டெல்லியில சட்டம் போட்டாச்சாம். ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒரே கூலியாம். பக்கத்து சைட்டுல பேச்சிக்கு ஆம்பிளைக்குச் சமமா ஒம்பது ரூவா. எனக்கு மட்டும் என்ன ஆறு?"

மேஸ்திரி திருதிருவென்று முழித்தார்.

"எந்து வர்த்தமானம் இது, என்ன பேச்சு பேசுத? லேபர் ஆபீஸர் வந்துட்டுப் போன அன்னைலேருந்து உனக்கும் ஒம்பதுதானே குடுக்கேன்! ஏழு மாசம் ஆச்சு, கேட்டோ."

"யாருகிட்ட குடுத்தீங்க?"

"வேற யாருகிட்ட? திருநெல்வேலியிலேருந்து திருவனந்தபுரத்துக்கு ஜோடியா வாறவங்களுக்கு ஜோடிக்கூலிதானே வழக்கம்? ரெண்டு பேரு கூலியும் சனிக்கிழமை உன் மாப்பிள்ளை கையிலதான்."

சனிக்கிழமை தோறும் அவன் வீட்டில் எண்ணிக் கொடுத்தது ஆறு ரூபாய்க் கணக்குதான். மாடம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

கலவை குழைத்துக்கொண்டிருந்த அவள் மாப்பிள்ளை வேல்சாமி மம்பட்டியை அப்படியே போட்டான். "வீட்டுக்கு வா, சொல்லுதேன்" என்று நடையைக் கட்டினான்.

குடிசைக்குள் நுழைந்ததுமே பிடித்துக்கொண்டாள். "குடிச்சீரா? சீட்டாடினீரா? இல்ல, எவளையாவது வச்சிருக்கீரா? வாயைத் திறந்து சொல்லும்!"

அவன் கூரை ஓலைக்குள் கையை விட்டு ஒரு பால்பொடி டப்பாவை எடுத்துக் கவிழ்த்தான். ரூபாய் நோட்டுகள் பாயில் குவிந்தன.

"எண்ணிப் பாரு. ஒரு பைசா தொடல்ல. எசக்கியம்மன் மேல சத்தியம்."

மாடம்மாளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. அட பாவமே, வாய்க்கு வந்தபடியெல்லாம் கேட்டுவிட்டோமே! முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊர்ல வீடு கட்டவா சேத்தீரு? சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

அவன் காலி டப்பாவைப் பாயோரம் வைத்தான்.

"நான் முதுகு ஒடிஞ்சு பாத்திரம் தேய்க்கப் போனப்பவும் இது இங்கதான் இருந்துதா?"

"இருந்துது."

"பின்ன எதுக்குய்யா ஒளிச்சு வச்சீரு?"

வேல்சாமி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"உனக்கும் எனக்கும் ஒரே கூலின்னு தெரிஞ்சா, அதுக்கப்புறம் நீ என்னை எங்கட்டி மதிக்கப் போற?"