பெருவிரலில் ஒரு வெள்ளை வட்டம்

ஜன்னல் வெயில் கட்டிலின் கால்மாட்டில் விழுகிறது. நர்ஸ் போர்வையை விலக்கி அப்பாவின் இடது பாதத்தைக் கையில் ஏந்துகிறார். அடைத்துக்கொண்ட ரத்தக்குழாயை நேற்றுதான் சரிசெய்தார்கள். ரத்தம் விரல் நுனிவரை வராவிட்டால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பா பெயின்டர். கால் நகங்களில் சொட்டிக் காய்ந்த பச்சை எனாமல் அடியிலுள்ள நிறத்தை மறைக்கிறது. அதனால் நர்ஸ் பெருவிரலின் சதையை அழுத்துகிறார். அங்கேயும் தந்துகிகள் என்னும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. முடியைவிட மெல்லியவை, ரத்த அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நுழைய முடியும். அழுத்தியதை விட்டதும் வெள்ளையாக ஒரு வட்டம் நிற்கிறது. "வருதா சிஸ்டர்?" என்கிறாள் அம்மா. "கொஞ்சம் பொறுங்கம்மா." "ஒரு கோட்ல எங்க கலர் வரும்? இன்னொரு கோட் அடிங்க சிஸ்டர்," என்கிறார் அப்பா. "சும்மா இருங்க, எதுக்கெடுத்தாலும் விளையாட்டு," என்று அதட்டும் அம்மா, வட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது வெள்ளையாகவே இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க நர்ஸ் வலது பெருவிரலை அழுத்துகிறார். விட்ட கணமே சிவப்பு ஓடிவந்து நிறைகிறது. அப்பா அந்த நல்ல காலை மெதுவாகப் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறார்.