நீலக் கும்பல்

குரங்குச் சிறையில் காவல் கரடிக்கு ஒரே கணக்கு: ஒன்றுக்கொன்று பேன் பார்த்தால் அது கும்பல். கும்பலுக்கு முதுகில் நீலச் சாயம், வெயில் எட்டாத கூண்டு.

அதனால் புதிதாக வந்த செவலைக் குரங்கை யாரும் நெருங்கவில்லை. அது மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. வெள்ளச்சி என்ற குரங்குக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து பேன் பார்த்தது.

கரடி பார்த்துவிட்டது. “ரெண்டும் கூட்டுச் சேர்ந்தாச்சு!” என்று இரண்டுக்கும் சாயம் பூசி, இருட்டுக் கூண்டில் தள்ளிப் பூட்டியது.

“நான் வராம இருந்திருந்தா நீ வெயில்லயே இருந்திருப்பே” என்று வெள்ளச்சி அழுதது.

செவலை நகர்ந்து வந்து, சாயம் காயாத முதுகைத் திருப்பிக் காட்டியது.

“இங்க வந்ததுலேர்ந்து என்னைத் தொட்டது நீ ஒருத்திதான் அக்கா. விட்ட இடத்துலேர்ந்து பாரு.”